முகவாயின் கீழே ஒரு சிறுதசை: விழுங்குதலும் புரையேறுதலும்

உண்ணும்போது ஒருவருக்குப் புரையேறினால், அருகில் இருப்பவர் அவருடைய உச்சந்தலையில் மெல்லத் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று கூறுவது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். நலமுடன் இருப்பவருக்கு எப்போதோ ஒருமுறை புரையேறினால் அந்தச் சொல்லோடு அது முடிந்துவிடும். ஆனால் பக்கவாதத்தால் படுத்திருக்கும் தந்தைக்கோ, வாய்ப்புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தாய்க்கோ, எண்பது வயதைக் கடந்து உடல் மெலிந்த பாட்டிக்கோ நாள்தோறும் புரையேறுகிறது எனில், அதற்குக் காரணம் யாருடைய நினைவும் அன்று. விழுங்குவதற்குத் துணைநிற்கும் தசைகள் தளர்ந்துவிட்டன என்பதற்கு அது ஓர் அறிகுறி.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நோயுற்ற முதியோரைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் குடும்பத்தாரிடமே இருக்கிறது. மருத்துவமனையில் சில நாள்கள் இருந்து வீடு திரும்பிய பின்னர், நோயாளிக்கு ஒவ்வொரு வேளையும் உணவூட்டுவது மனைவியோ, மகனோ, மருமகளோ, பேரப்பிள்ளையோதான். அவர்களுக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. விழுங்கும் செயலில் பங்குகொள்ளும் பல தசைகளுள் முகவாயின் கீழே மறைந்திருக்கும் ஒரு சிறு தசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எங்கே உள்ளது, என்ன செய்கிறது, தளர்ந்தால் என்ன நேரும், வீட்டில் நாம் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பவற்றை இங்கே காண்போம்.

கை வைத்து அறிதல்

முதலில் உங்கள் சுட்டுவிரலை முகவாய்க்கட்டைக்குப் பின்னால், தாடையின் அடியில் உள்ள மென்மையான பகுதியில் வையுங்கள். நடுவிரலைத் தொண்டையின் நடுவே புடைத்திருக்கும் குரல்வளையின்மேல் வையுங்கள். இப்போது எச்சிலை ஒருமுறை விழுங்குங்கள். சுட்டுவிரலின் கீழே மென்மையாக இருந்த இடம் ஒரு கணம் இறுகுவதையும், நடுவிரலின் கீழே குரல்வளை மேலெழுந்து மீண்டும் தாழ்வதையும் உணரலாம்.

சுட்டுவிரலின் கீழே இறுகியவை நாவின் அடித்தளத்தில் அமைந்த தசைகள். அவற்றின் இழுப்பினால்தான் குரல்வளை எழும்பியது. இந்த இரண்டு அசைவுகளும் ஒருசேர நிகழ்வதே பாதுகாப்பான விழுங்குதலின் அடிப்படை. ஒரு நாளில் பல நூறு முறை, உறக்கத்திலும்கூட அவ்வப்போது, நாம் அறியாமலேயே இது நடைபெறுகிறது.

தசையின் இருப்பிடம்

தாடையின் அடிப்புறத்தை வெளியிலிருந்து உள்நோக்கிச் சென்றால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் உள்ளன. தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் கடந்தால், இருபகுதிகளாகப் பிரிந்து நடுவில் ஒரு நாணால் இணைந்த டைகாஸ்ட்ரிக் தசையின் முன்பகுதி வரும். அதற்கு மேலே, தாடையெலும்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை விரிந்து, குழந்தைக்குக் கட்டும் தூளியைப் போல நாவைத் தாங்கி நிற்பது மைலோஹையாய்டு என்னும் அகன்ற தசை. அந்தத் தூளியின் உள்ளே, நாவுக்குச் சற்றுக் கீழே, நடுக்கோட்டின் இருபுறமும் ஒட்டியவாறு இரண்டு கயிறுகளைப் போலச் செல்வதே நாம் எடுத்துக்கொண்ட தசை. மருத்துவத்தில் இதனை ஜீனியோஹையாய்டு என்பர். தமிழில் முகவாய்–நாவடித் தசை எனக் கூறலாம்.

பெயரே அதன் இரு முனைகளையும் சொல்லிவிடுகிறது. முன்முனை முகவாய் எலும்பின் உட்புறத்தில் பற்றியிருக்கிறது. கீழ்த்தாடையின் நடுப்பகுதியில், பின்புறமாக, சிறு முட்களைப் போன்ற எலும்புப் புடைப்புகள் உள்ளன. மேலே உள்ளவற்றில் நாவை முன்னிழுக்கும் தசையும், கீழே உள்ளவற்றில் இத்தசையும் தொடங்குகின்றன. பின்முனை நாவடி எலும்பில் சென்று முடிகிறது. இத்தசையின் நீளம் ஒரு சுண்டுவிரலின் நீளத்தைவிடக் குறைவு.

நாவடி எலும்பு தனித்தன்மை வாய்ந்தது. லாடத்தைப் போல வளைந்த இந்தச் சிறு எலும்பு, உடலின் மற்ற எலும்புகளைப் போல வேறோர் எலும்புடன் மூட்டால் இணையவில்லை. தசைகளும் நார்களும் நாலாபக்கமும் பிடித்திருக்க, கழுத்தின் முன்புறத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. குரல்வளை அதன் கீழே ஒரு சவ்வினால் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே நாவடி எலும்பை எத்திசையில் இழுத்தாலும் குரல்வளையும் அத்திசையில் உடன் செல்லும். கிணற்றுக் கயிற்றை இழுத்தால் வாளி வருவது போன்றதே இது.

இத்தசைக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பின் வழியும் குறிப்பிடத்தக்கது. அது கழுத்தின் முதல் தண்டுவட நரம்பிலிருந்து புறப்படுகிறது. தனியே செல்லாமல், நாவை இயக்கும் பன்னிரண்டாம் மூளை நரம்புடன் சேர்ந்து சிறிது தூரம் பயணம் செய்து, தன் இடம் வந்ததும் பிரிந்துவிடுகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பேருந்தில் ஏறிப் பெரம்பலூரில் இறங்கிக்கொள்ளும் பயணியை இதற்கு ஒப்பிடலாம். அதன் அருகிலுள்ள தசைகளுக்கு வேறு நரம்புகள் உள்ளன. மைலோஹையாய்டுக்கும் டைகாஸ்ட்ரிக்கின் முன்பகுதிக்கும் முகத்தின் உணர்வைச் சுமக்கும் ஐந்தாம் மூளை நரம்பின் கிளை வருகிறது. இவ்வாறு பல நரம்புகள் ஒரே நேரத்தில் ஒத்திசைந்து செயற்பட வேண்டியிருப்பதால்தான், மூளையில் ஏற்படும் பாதிப்பு விழுங்குதலை எளிதில் குலைத்துவிடுகிறது.

ஒரு நொடியில் நிகழ்வது

தொண்டையில் இரண்டு வழிகள் அருகருகே உள்ளன. முன்புறம் இருப்பது மூச்சுக்குழலுக்குச் செல்லும் வழி. பின்புறம் இருப்பது உணவுக்குழலுக்குச் செல்லும் வழி. மூச்சின் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. உணவின் வழி, விழுங்கும் கணம் தவிர மற்ற நேரமெல்லாம் ஒரு வளையத் தசையால் மூடியே இருக்கிறது. கவளம் தொண்டைக்கு வரும் அந்த ஒரு கணத்தில் இந்த ஏற்பாடு தலைகீழாக மாற வேண்டும். திறந்திருந்தது மூட வேண்டும்; மூடியிருந்தது திறக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நொடிக்குள் இவை அனைத்தும் முடிய வேண்டும்.

இங்கேதான் நம் சிறுதசையின் பணி தொடங்குகிறது. நா கவளத்தைப் பின்னோக்கித் தள்ளியதும், முகவாயின் கீழுள்ள தசைகள் சுருங்குகின்றன. தூளி போன்ற மைலோஹையாய்டு நாவடி எலும்பை மேல்நோக்கி உயர்த்துகிறது. முகவாய்–நாவடித் தசை அதனை முன்னோக்கி, அதாவது முகவாயின் பக்கமாக, இழுக்கிறது. குரல்வளையும் உடன் மேலும் முன்னும் நகர்ந்து, நாவின் வேருக்கு அடியில் ஒதுங்குகிறது. அப்போது குரல்வளை மூடி என்னும் இலை போன்ற குருத்தெலும்பு பின்னோக்கிச் சாய்ந்து மூச்சின் வாயிலை மறைக்கிறது. குரல் நாண்களும் ஒன்றோடொன்று இறுக மூடிக்கொள்கின்றன. மூச்சு ஒரு கணம் நின்றுபோகிறது.

அதே இழுப்பு மற்றொரு வேலையையும் செய்கிறது. குரல்வளை முன்னே நகரும்போது, அதன் பின்னால் ஒட்டியுள்ள உணவுக்குழலின் வாயிலும் இழுபட்டு விரிகிறது. அங்குள்ள வளையத் தசை தளர்வது மட்டும் போதாது. இந்த முன்னிழுப்பும் சேர்ந்தால்தான் கவளம் செல்லத்தக்க அளவுக்கு வாயில் அகலும். கவளம் கடந்தவுடன் அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பி, நாம் மூச்சை வெளிவிடுகிறோம்.

இழுப்பு வலுவிழந்தால் இரண்டு தவறுகளும் ஒருசேர நேர்கின்றன. மூச்சின் வாயில் சரியாக மூடாது; உணவின் வாயில் சரியாகத் திறக்காது. செல்ல இடமின்றித் தொண்டையில் தங்கிய மிச்சம், அடுத்த மூச்சோடு மூச்சுக்குழலுக்குள் இறங்குகிறது. அதைத்தான் புரையேறுதல் என்கிறோம். உடலுக்கு வலு இருந்தால் பலமான இருமல் அதனை வெளியே தள்ளிவிடும். இருமலும் வலுவிழந்திருந்தால், உணவும் வாயிலுள்ள கிருமிகளும் நுரையீரலில் தங்கி நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். படுக்கையில் உள்ள நோயாளிகளின் உயிருக்கு இது பெரும் அச்சுறுத்தல்.

ஏன் தளர்கிறது?

பக்கவாதம் முதற்காரணம். பக்கவாதம் ஏற்பட்ட தொடக்க நாள்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு விழுங்குவதில் இடர்ப்பாடு இருக்கும். அவர்களுள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது சீராகிவிடும் என்பது ஆறுதலான செய்தி. அந்தச் சில வாரங்களில் நுரையீரலைக் காப்பதே குடும்பத்தாரின் முதற்பணி. பார்க்கின்சன் நோயும் மறதிநோயும் விழுங்குதலை மெல்ல மெல்லப் பாதிக்கின்றன.

முதுமை இரண்டாவது காரணம். கை கால் தசைகள் வயதானால் மெலிவதை நாம் கண்ணால் காண்கிறோம். முகவாயின் கீழுள்ள தசையும் அவ்வாறே மெலிகிறது. அது மறைந்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. நோய் வந்து பல நாள்கள் படுத்திருந்தாலும், போதிய புரதமின்றிக் கஞ்சி மட்டுமே உண்டு வந்தாலும் இந்த மெலிவு விரைகிறது. விழுங்கச் சிரமப்படுவதால் உணவு குறைகிறது. உணவு குறைவதால் தசை மேலும் தளர்கிறது. இச்சுழலை உடைக்காவிட்டால் நோயாளி நாளுக்கு நாள் நலிவார்.

வாய், தொண்டைப் புற்றுநோய் மூன்றாவது காரணம். தாடையின் முன்பகுதியையோ நாவின் அடித்தளத்தையோ அறுவைச் சிகிச்சையில் நீக்க நேர்ந்தால், இத்தசை பற்றியிருக்கும் இடமே போய்விடக்கூடும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின்னர்த் தசைகள் நார்த்தன்மை அடைந்து இறுகிப்போகலாம். சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்தும் இவ்வாறு நேர்வதுண்டு. வெற்றிலையுடன் புகையிலை சேர்த்து மெல்லுவதும், பாக்கையும் பான் மசாலாவையும் நாள்முழுதும் வாயில் அடக்கியிருப்பதும் இவற்றிற்கு வித்திடுகின்றன. பாக்கினால் வாயின் உட்சவ்வு இறுகி, வாயை அகலத் திறக்க இயலாமல் போவதும் உண்டு. வயலுக்குச் செல்லும்போது மடியில் வெற்றிலைப் பையைச் செருகிக்கொள்ளும் பழக்கமுடைய பெரியவர்களிடம் வீட்டிலுள்ளோர் இதனை எடுத்துரைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• தண்ணீர், தேநீர், ரசம் போன்ற நீர்த்தவற்றைப் பருகும்போது இருமல் வருதல்.
• உண்ட பிறகு குரல் ஈரமாக, நீரில் கொப்பளிப்பதுபோல் மாறுதல்.
• ஒரு கவளத்திற்கு இரண்டு மூன்று முறை விழுங்க வேண்டியிருத்தல்; தொண்டையில் சிக்கியிருப்பதாகக் கூறுதல்.
• உணவு கன்னத்தின் ஒரு பக்கத்தில் தேங்கியிருத்தல். வாயோரம் எச்சில் வழிதல். நீர் மூக்கின் வழியே வருதல்.
• முன்பு கால்மணி நேரத்தில் உண்டவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுதல்.
• காரணம் தெரியாத காய்ச்சல் அடிக்கடி வருதல், சளி கூடுதல், எடை குறைதல்.

இவற்றுள் கடைசியில் உள்ளது மிகவும் முக்கியமானது. சிலருக்குத் தொண்டையின் உணர்வும் குன்றிவிடுவதால், உணவு மூச்சுக்குழலுக்குள் சென்றாலும் இருமலே வராது. "அப்பாவுக்கு இருமல் இல்லையே, நன்றாகத்தானே சாப்பிடுகிறார்" என்று குடும்பத்தார் எண்ணிக்கொண்டிருக்க, மாதம் ஒருமுறை காய்ச்சல் வந்து போகும். இத்தகைய நோயாளியைப் பரிசோதனைக்கு அழைத்து வர வேண்டும். பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே காட்சியில் பார்ப்பதும், மூக்கின் வழியே மெல்லிய நோக்குக்குழாயைச் செலுத்தித் தொண்டையை நேரில் காண்பதும் இதற்கான பரிசோதனைகள்.

வீட்டில் உணவூட்டும் முறை

நம் பழக்கங்களுள் சில இந்நோயாளிகளுக்குத் தீங்கு செய்வன. அவற்றை முதலில் கூறுவோம்.

அண்ணாந்து குடித்தல் நம்மிடையே தூய்மையின் அடையாளம். செம்பின் விளிம்பு உதட்டில் படாமல் நீரை ஊற்றிக்கொள்வது நலமுடையோர்க்கு எளிது. ஆனால் தலையைப் பின்னே சாய்த்தால் முகவாய்க்கும் நாவடி எலும்புக்கும் இடையிலுள்ள தொலைவு நீள்கிறது. தளர்ந்த தசை மேலும் இழுபட்டுத் தன் வேலையைச் செய்ய இயலாமல் திணறுகிறது. மூச்சின் வழியும் நேராகத் திறந்துகொள்கிறது. ஆகவே விழுங்கச் சிரமப்படுபவர் ஒருபோதும் அண்ணாந்து குடிக்கலாகாது. அவருக்கென ஒரு தனிக் குவளையை வைத்துக்கொண்டு, வாய் வைத்துச் சிறிது சிறிதாகப் பருகச் செய்யுங்கள்.

படுத்தபடியே ஊட்டுவதும், பாலாடையிலோ கரண்டியிலோ எடுத்துத் தொண்டைக்குள் ஊற்றிவிடுவதும் இவ்வாறே ஆபத்தானவை. உணவு தானாகத் தொண்டைக்குள் வழிந்துவிட்டால், நா தள்ளுவதற்கும் தசை இழுப்பதற்கும் நேரமே கிடைக்காது.

ரசம் ஊற்றிய சோறு மிக எளிய உணவு என்று நாம் கருதுகிறோம். உண்மையில் அது கடினமான உணவு. சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே நீர்த்த ரசம் முன்னதாகத் தொண்டைக்குள் இறங்கிவிடும். காபியில் நனைத்த ரொட்டியும் பாலில் ஊறிய பொரியும் இத்தகையனவே. நிலக்கடலை, முந்திரிப்பருப்பு, முறுக்கு, வறுத்த மக்காச்சோளம் போன்றவை உதிர்ந்து தொண்டையில் சிதறும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பொதுவாக இந்நோயாளிகளுக்கு உகந்தவை, வழுவழுப்பாகவும் ஒரே தன்மையுடையனவாகவும் ஒன்றாகத் திரண்டு நிற்பனவாகவும் உள்ள உணவுகள். கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாமல் மெல்ல இறங்கும் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் நம் மண்ணின் உணவுகளே. குழைய வேகவைத்து மசித்த பருப்புச் சோறு, கெட்டித் தயிர், மசித்த வாழைப்பழம், நன்கு மசித்த முட்டை ஆகியவையும் பொருந்தும். எனினும் எந்தத் தடிமன் யாருக்குப் பொருந்தும் என்பதைப் பரிசோதித்த பின்னரே கூற இயலும். மிகவும் கெட்டியானால் தொண்டையில் ஒட்டி மிச்சம் தங்கும். மேலும் கெட்டியான பானங்களை நோயாளிகள் குறைவாகவே பருகுவதால் உடலில் நீர் வற்றிப்போகலாம். ஆகவே மருத்துவர் அல்லது விழுங்கற்பயிற்சியாளர் காட்டிய தடிமனையே பின்பற்றுங்கள்.

ஊட்டும்போது நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. நோயாளி முழுமையாக விழித்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஊட்ட வேண்டாம்.
2. முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். கட்டிலில் இருந்தால் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார வையுங்கள். ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி தலையை அண்ணாந்து பார்ப்பார். ஆகவே நீங்களும் எதிரே உட்காருங்கள்.
3. தேக்கரண்டி அளவே ஒரு கவளம். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்திருந்தால் வலுவுள்ள பக்கத்தில் உணவை வையுங்கள்.
4. குரல்வளை எழுந்து இறங்கியதைக் கண்ட பின்னரே அடுத்த கவளம். பேச்சுக் கொடுக்க வேண்டாம், தொலைக்காட்சியை நிறுத்திவையுங்கள்.
5. உண்டு முடித்ததும் வாயினுள் மிச்சம் இருக்கிறதா எனப் பார்த்துத் தூய்மை செய்யுங்கள். பிறகு அரைமணி நேரமேனும் உட்கார்ந்தே இருக்கட்டும்.
6. காலையும் இரவும் பல், நா, ஈறு ஆகியவற்றைத் துலக்குங்கள். பல் இல்லாதவருக்கும், குழாய்வழி உணவு பெறுபவருக்கும் இது இன்றியமையாதது. வாய் தூய்மையாக இருந்தால், எச்சில் தவறி உள்ளே சென்றாலும் நிமோனியா வரும் வாய்ப்புக் குறையும்.

மக்காச்சோளமும் பருத்தியும் அறுவடையாகும் காலத்தில் பெரியவர்கள் வயலுக்குச் சென்றுவிட, பள்ளி விடுமுறையில் உள்ள பேரனோ பேத்தியோ தாத்தாவுக்கு உணவு கொடுக்க நேரிடலாம். அப்பிள்ளைக்கும் இம்முறையைச் சொல்லிக்கொடுங்கள். குரல்வளை எழுந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுக்க வேண்டும் என்ற ஒரு விதியைப் பத்து வயதுக் குழந்தையும் எளிதில் கற்றுக்கொள்ளும்.

குழாய்வழி உணவைப் பற்றி

விழுங்குவது பாதுகாப்பற்றது எனத் தெரிந்தால், மூக்கின் வழியே இரைப்பைக்கு ஒரு குழாயைச் செலுத்தி உணவு கொடுக்கப் பரிந்துரைப்போம். குடும்பத்தாருக்கு இது மிகுந்த மனவேதனையைத் தருவதை நாங்கள் அறிவோம். நோயாளி கையசைத்துத் தண்ணீர் கேட்கும்போது மறுப்பது எளிதன்று. ஒரு வாய் காபியாவது கொடுப்போமே என்று, செவிலியர் இல்லாத நேரத்தில் அன்பினால் கொடுத்துவிடுவோர் உண்டு. அவர்களை நாங்கள் குறைகூறவில்லை. உணவு கொடுப்பதே நம் பண்பாட்டில் அன்பின் முதல் மொழி. ஆனால் அந்த ஒரு வாய் நுரையீரலுக்குள் சென்றால், அடுத்த வாரம் அவர் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருக்க நேரலாம்.

குழாய் என்பது தண்டனையோ நம்பிக்கையின் முடிவோ அன்று. தசை மீளும் வரை உடலுக்கு ஊட்டம் தரும் இடைக்கால ஏற்பாடாகவே அது பெரும்பாலும் அமைகிறது. அந்த நாள்களில் அன்பைக் காட்ட வேறு வழிகள் உள்ளன. நனைத்த மென்பஞ்சால் உதடுகளையும் நாவையும் ஈரப்படுத்துங்கள். வாயைத் துலக்கிவிடுங்கள். அருகில் உட்கார்ந்து பேசுங்கள். எப்போது மீண்டும் சோதிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தசையை மீண்டும் வலுப்படுத்துதல்

மறைந்திருக்கும் இத்தசைக்கும் பயிற்சி தர இயலும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பணியாற்றிய ரெசா ஷாக்கர் என்னும் மருத்துவரின் குழு 1997இல் ஒரு பயிற்சியை வெளியிட்டது. மல்லாந்து படுத்து, தோள்களைத் தூக்காமல், தலையை மட்டும் உயர்த்தித் தன் கால்விரல்களைப் பார்ப்பதே அது. ஒரு நிமிடம் தலையை உயர்த்தியிருந்து ஒரு நிமிடம் ஓய்வெடுப்பதை மூன்று முறையும், பின்னர் நிறுத்தாமல் தலையை உயர்த்தித் தாழ்த்துவதை முப்பது முறையும் செய்ய வேண்டும். நாளுக்கு மூன்று வேளை வீதம் ஆறு வாரங்கள் இது தொடரும். தலையை உயர்த்தும்போது முகவாயின் கீழுள்ள தசைகள் உழைக்கின்றன. உணவுக்குழலின் வாயில் முன்னிலும் அகலமாகத் திறக்கிறது. குழாய்வழி உணவு பெற்றிருந்த நோயாளிகள் இப்பயிற்சியால் மீண்டும் வாயால் உண்ணத் தொடங்கியதை அதே குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்தது.

முதியோர் பலருக்கு இது கடினம். அவர்களுக்கு எளிய மாற்று உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுருட்டிய துண்டையோ மென்மையான பந்தையோ முகவாய்க்கும் மார்புக்கும் இடையில் வைத்து, முகவாயால் அதனை அழுத்திப் பிடித்து விடுவதே அது. எச்சிலை முழு வலுவுடன் விழுங்குவதும் ஒரு பயிற்சியே.

எச்சரிக்கை: கழுத்தெலும்புத் தேய்மானம், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இதய நோய், தொண்டையில் மூச்சுத்துளை ஆகியவை உள்ளவர்கள் இப்பயிற்சிகளைத் தாமாகத் தொடங்கலாகாது. எவருக்கு எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்பதை மருத்துவரும் பயிற்சியாளரும் முடிவு செய்வர். பயிற்சியுடன் பருப்பு, முட்டை, பால், மீன் போன்ற புரத உணவுகளும் மருத்துவர் கூறிய பக்குவத்தில் சேர வேண்டும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

உண்ணும்போது உணவு அடைத்து, நோயாளி பலமாக இருமிக்கொண்டிருந்தால் அவரை இருமவிடுங்கள். உச்சந்தலையில் தட்டுவதால் பயன் இல்லை. அந்நேரத்தில் தண்ணீர் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். அவரால் இருமவோ பேசவோ மூச்சுவிடவோ இயலவில்லை எனில், முன்னே குனியச் செய்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை வலுவாகத் தட்டுங்கள். அதிலும் வெளிவராவிட்டால், பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே இரு கைகளையும் கோத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறி இவற்றைச் செய்துகொண்டே 108 அவசர ஊர்தியை அழைக்கச் சொல்லுங்கள்.

திடீரென ஒருவருக்கு வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அந்நேரத்தில் தண்ணீர், சோடா, காபி, மாத்திரை எதையும் வாயில் கொடுக்க வேண்டாம். மயங்கியவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது நம் ஊர்களில் இயல்பு. ஆனால் அப்போது தொண்டையின் தசைகள் செயலிழந்திருக்கக்கூடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108ஐ அழையுங்கள். அடைப்பினால் வந்த பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்திற்குள் செலுத்தினால்தான் பயன் கிடைக்கும். ஆகவே அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

யாரை அணுகலாம்?

பெரம்பலூர் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலும், 2022 சனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றான அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ "விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். நடமாட இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிற்கே இயன்முறைச் சிகிச்சையாளர் வரும் ஏற்பாடு உள்ளது. அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இதனைக் கேட்டறியலாம்.

வரும்போது ஒரு சிறு குறிப்பேட்டை உடன் கொண்டுவாருங்கள். எந்த உணவில் இருமல் வருகிறது, ஒரு வேளை உண்ண எவ்வளவு நேரமாகிறது, காய்ச்சல் எப்போது வந்தது, எடை எவ்வளவு என்று நீங்கள் எழுதிவைத்திருக்கும் நான்கு வரிகள் மருத்துவருக்குப் பெருந்துணை.

இன்றிரவு உணவின்போது, நீங்கள் பேணிவரும் பெரியவரின் எதிரே உட்கார்ந்து அவருடைய தொண்டையைச் சற்றுக் கவனியுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் குரல்வளை எழுந்து இறங்குகிறதா, அதன்பின் குரல் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி புரையேறினால், யாரோ நினைக்கிறார்கள் என்று விட்டுவிடாமல் அவரை எங்களிடம் அழைத்து வாருங்கள்.